அத்தை சொன்ன இரண்டாம் பாதி

பழைய தமிழ்ப் படங்களின் முதல் பாதியைத்தான் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பாதி எல்லாம் காதால் கேட்டது. சொன்னவள் என் அத்தை.

எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. இன்று தேனி மாவட்டம், அன்று மதுரை மாவட்டம். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஊரின் முதல் டிவி மில்லுக்காரர் வீட்டுக்கு வந்தது. டயனோரா கறுப்பு வெள்ளைப் பெட்டி. இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு, அதற்கொரு பூட்டு, பக்கத்தில் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும் ஸ்டெபிலைசர். மொட்டை மாடியில் ஆன்டெனா கொடைக்கானல் மலையைப் பார்த்தபடி நிற்கும். படம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் பிள்ளைகள் அந்த மலையைத்தான் கைகாட்டுவோம். சென்னை எங்கள் நினைப்பிலேயே கிடையாது.

திரைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார்கள். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கலர் தெரிவதற்காக. வானமும் வயலும் வந்தால் பொருத்தமாக இருக்கும். மனிதர்கள் வந்தால் நெற்றி நீலமாகவும் மூக்கு ஆரஞ்சாகவும் தெரியும். அப்படித்தான் ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்தேன். ஸ்ரீதர் 1964இல் வண்ணத்தில் எடுத்த படம். ஆழியாறு அணைக்கட்டு அதில் எவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பதை எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான் கண்டேன். ஆனால் அன்று மில்லுக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் குறை தெரியவில்லை.

அப்பா ஒரு விதி வைத்திருந்தார். விளக்கு வைத்த பிறகு பெண்பிள்ளை அடுத்தவர் வீட்டில் உட்காரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்காக நான் அழுது அடம்பிடித்ததில் அந்த விதி கொஞ்சம் தளர்ந்தது. நடுவில் செய்திக்காகப் படத்தை நிறுத்துவார்கள் அல்லவா, அதுவரை இருக்கலாம், செய்தி ஆரம்பித்ததும் எழுந்து வந்துவிட வேண்டும். ஷோபனா ரவி திரையில் தோன்றி வணக்கம் சொல்லும்போது என் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுவேன். ஊரில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கு அந்த வயதில் அவர் முகத்தைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும். அவர் வந்துவிட்டால் என் படம் முடிந்தது.

தம்பிக்கு அந்த விதி இல்லை. அவன் முழுப் படமும் பார்த்துவிட்டு வருவான். என்னடா ஆச்சு என்று கேட்டால், “சண்டை போட்டாங்க, அப்பறம் அழுதாங்க, முடிஞ்சிருச்சு” என்பான். கண்ணால் பார்த்தவனுக்கெல்லாம் கதை சொல்ல வந்துவிடாது.

அத்தைக்கு வந்தது. அத்தை அப்பாவுக்கு அக்கா. பதினெட்டு வயதில் கம்பம் பக்கம் கட்டிக்கொடுத்து, நான்கு வருடத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்பதை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் மில்லுக்காரர் வீட்டுக்கு டிவி பார்க்க வரமாட்டாள். விசேஷ வீடுகளுக்கே போகாமல் ஒதுங்கி இருந்தவள் அடுத்த வீட்டுக் கூடத்தில் போய் உட்காருவாளா? ஆனால் டிவியில் வந்த பழைய படங்கள் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் டூரிங் டாக்கீஸில் பார்த்தவை. கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட்டு, முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவது, பிள்ளையார் பாட்டுப் போட்டதும் ஊரே எட்டு எடுத்து வைத்து ஓடுவது, எல்லாவற்றையும் சொல்வாள். ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு தடவை சுருள் மாற்றும்போதும் விளக்குப் போட்டு இடைவேளை விட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. மூன்று தடவை முறுக்கு, மூன்று தடவை கடலை மிட்டாய். அத்தை சொல்லும் கதையிலும் அந்த மூன்று இடைவேளை இருக்கும். சரியான இடத்தில் நிறுத்தி, “இரு தாயி, அடுப்பைப் பாத்துட்டு வாரேன்” என்று எழுந்து போய்விடுவாள்.

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, திண்ணையில் முறத்தில் மொச்சையைக் கொட்டி உரிக்க உட்காரும்போதுதான் ஆரம்பிப்பாள். “எதுவரைக்கும் பாத்த?” என்பது முதல் கேள்வி. நான் விட்ட இடத்தைச் சொல்வேன். அவள் கண்ணை மூடி அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகும். பிறகு அங்கிருந்து எடுப்பாள். கதாபாத்திரத்தின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. “சிவாஜி உள்ள வாரான். வந்து பாத்தா சாவித்திரி ஒக்காந்திருக்கா. தலைமுடி கலைஞ்சிருக்கு. அவன் ஒண்ணும் கேக்கல. அவளும் ஒண்ணும் சொல்லல.” இவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் பேசாமல் இருந்ததை அவள் சொல்லும்போது மொச்சைத் தோல் உரியும் சத்தம்கூட நின்றிருக்கும்.

‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லாருக்கும் மனப்பாடம். படம் எடுக்கப் போகிறேன் என்று அப்பாவுக்குக் கதை சொல்லும் மகன். நாகேஷ் கதவைத் திறக்கிற மாதிரியும் காற்றடிக்கிற மாதிரியும் சத்தம் எழுப்பி அசத்துவார். ஆனால் என் தீர்ப்பைக் கேட்டால், அந்தக் காட்சி பாலையாவுடையது. அவர் கேட்கிறார். கேட்கக் கேட்கத் துண்டை இறுக்கிக்கொண்டு, நாற்காலியில் ஒடுங்கி, கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகின்றன. ஒரு கதையை இப்படிக் கேட்க முடியும் என்று இந்த நாட்டுத் திரையில் அவரைப் போல் வேறு யாரும் காட்டியதில்லை. அந்தக் காட்சி எப்போது வந்தாலும் எனக்கு எங்கள் திண்ணை ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கே பாலையா இடத்தில் நான் இருந்தேன்.

‘திருவிளையாடல்’ ஒன்றுக்குத்தான் அத்தையின் உதவி தேவைப்படவில்லை. அந்தப் படத்தைப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே கேட்டுவிட்டோம். கல்யாண வீடு, காதுகுத்து, மாரியம்மன் பொங்கல், எதுவாக இருந்தாலும் புளியமரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில் அந்தப் படத்தின் வசன இசைத்தட்டை ஓடவிடுவார்கள். தருமி புலம்புவதும் சிவன் அதட்டுவதும் நக்கீரர் மறுப்பதும் வயல் வரைக்கும் கேட்கும். நாற்று நடும் பெண்கள் அடுத்த வரியை முந்திக்கொண்டு சொல்வார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட அந்தத் தமிழை ஒரு எழுத்துப் பிசகாமல் உச்சரித்ததைக் கேட்டிருக்கிறேன். நக்கீரர் குரலை வைத்து ஆறடி உயரத்துக்கு ஒரு உருவத்தை நான் கட்டிவைத்திருந்தேன். டிவியில் பார்த்தபோது அது படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே என்று மில்லுக்காரர் சொன்னார். தானே எழுதி, தானே இயக்கி, சிவனையே மறுத்துப் பேசும் வேடத்தையும் தானே எடுத்துக்கொண்ட மனிதர். வீட்டுக்கு வந்து தருமியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. “அவனுக்கென்ன, எந்திரிச்சுப் போயிக் கேட்டான்ல? கேக்கத் தெரிஞ்சவன் பொழைச்சுக்குவான்” என்றாள்.

ராமாயணமும் எனக்குப் பாதியாகத்தான் கிடைத்தது. ராமானந்த் சாகரின் தொடர் 1987 ஜனவரியில் தொடங்கியது. எங்கள் ஊருக்கு டிவி வந்தபோது ராமன் காட்டுக்குப் போய் வெகு நாளாகிவிட்டது. ஞாயிறு காலை, பகல் வெளிச்சம், இந்தி என்பதால் அப்பா தடுக்கவில்லை. இந்தி ஒரு சொல்லும் புரியாத கூட்டம் அங்கே கைகூப்பி உட்கார்ந்திருந்தது. கதை தெரிந்தவர்களுக்கு மொழி எதற்கு? விட்டுப்போன முதல் பாதியை அத்தை ஈடுகட்டினாள். அவள் ராமாயணத்தில் கைகேயி கெட்டவள் இல்லை. “புள்ளைக்காகக் கேட்டா, அவளுக்குன்னு கேட்டாளா?” என்பாள்.

வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ மட்டும் அவளுக்கு உடன்பாடு இல்லை. அந்த அரை மணி நேரம் எங்கள் தெருவில் நாய்கூட நடக்காது. புதுப்பாட்டை எப்போதும் கடைசியில் போடுவார்கள், அதற்காக எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். பாட்டுப் பார்த்துவிட்டுப் பரவசமாக வந்து சொன்னால், “கதை தெரியாம பாட்டு மட்டும் பாக்குறது, கல்யாண வீட்டு வாசல்ல நின்னு பந்தலைப் பாத்துட்டுத் திரும்புற மாதிரி” என்பாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்று கோபம்தான் வந்தது.

எம்.ஜி.ஆர். படங்களுக்கு அவள் கதை சொன்னதில்லை. “அவரு செயிச்சிருவாரு. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?” சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். எங்களுக்குப் பக்கத்துத் தொகுதி ஆண்டிபட்டி. 1984 தேர்தலில் அவர் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே அந்தத் தொகுதியில் ஜெயித்தார். அவர் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவதை வீடியோ எடுத்து வந்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். அத்தை துணிந்து வெளியே போய்ப் பார்த்த ஒரே வீடியோ அதுதான். 1987 டிசம்பர் 24ஆம் தேதி அவர் இறந்த செய்தி ரேடியோவில் வந்தபோது அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஜெயிக்காத ஒரு கதை அவருக்கு இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக்கே டிவி வந்தது. அத்தை அன்றுதான் முதல் தடவையாக டிவி பார்த்தாள். ‘தில்லானா மோகனாம்பாள்’ ஓடியது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கிழிந்து கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்தவள் மெல்லக் கேட்டாள்: “பத்மினி இம்புட்டுத்தானா?” கொட்டகையில் அந்தக் கண்கள் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு வாசற்கதவு அளவுக்கு இருந்ததாம். ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்ததும்தான் சமாதானமானாள். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் உதவுகிறவள் ரமாமணி ஒருத்திதான் என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். நான் பிற்பாடு படித்த எந்த விமர்சனத்திலும் அதைவிடச் சரியான வரி கிடைக்கவில்லை.

வீட்டுக்கே டிவி வந்தும் என் நிலைமை மாறவில்லை. பத்தாம் வகுப்பு. செய்தி வந்ததும் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும். அத்தை உட்கார்ந்து மிச்சத்தைப் பார்ப்பாள், காலையில் தலை பின்னும்போது சொல்வாள். இப்போது புதிதாகப் பார்த்ததைச் சொன்னதால் கதை இன்னும் நன்றாக வரும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. இருபது வருடம் மனதுக்குள் கிடந்து ஊறிய கதைகள் வேறு, நேற்று ராத்திரி பார்த்த கதை வேறு.

அவள் எனக்குச் சொல்லாமல் விட்ட படம் ஒன்று உண்டு.

சத்யஜித் ராய் மறைந்த 1992ஆம் ஆண்டு. தூர்தர்ஷனில் ஒரு நாள் ‘பதேர் பாஞ்சாலி’ போட்டார்கள். வங்காள மொழி, கீழே ஆங்கில எழுத்து. எங்கள் வீட்டில் என்னைத் தவிர அதை வாசிக்க ஆள் இல்லை, நானும் பாதிதான் வாசித்தேன். ஆனாலும் அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வீடு எங்கள் வீடு மாதிரியே இருந்தது. இடிந்த சுவர், முற்றம், மாடு, மழை. அதில் இந்திர் என்று ஒரு கிழவி. வீட்டுக்காரருக்கு உறவு, போக்கிடம் இல்லாதவள், கூன் விழுந்தவள். வீட்டுச் சிறுமி அவளுக்காகப் பழம் திருடிக்கொண்டு வருகிறாள். வீட்டுக்காரரின் மனைவிக்கு அவள் அங்கே இருப்பது பிடிக்கவில்லை. சண்டையில் கிழவி பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறாள், வருகிறாள். கடைசியில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்து தண்ணீர் கேட்கிறாள். நீயே எடுத்துக் குடி என்ற மாதிரி அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கிழவி எடுத்துக் குடித்துவிட்டு, மிச்சத் தண்ணீரை ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு, மெல்ல நடந்து வெளியே போகிறாள்.

அந்த வேடத்தில் நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். படம் வெளிவந்ததைப் பார்க்காமலே இறந்துபோனார். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கிழவி செடிக்குத் தண்ணீர் ஊற்றிய நேரத்தில் அத்தை எழுந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பின்கட்டுக்குப் போய்விட்டாள். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூங்கில் தோப்பில் குந்தியிருக்கும் கிழவியைப் பிள்ளைகள் போய்த் தொட, அவள் சரிந்து விழுகிறாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு பின்பக்கம் போனாள். அம்மாவும் அத்தையும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளாதவர்கள். ஒரே அடுப்பில் பதினாறு வருடம் சமைத்தவர்கள், அதில் எத்தனை மௌனம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல் அத்தை உட்கார்ந்திருந்தாள். “மதினி” என்று அம்மா கூப்பிட்டு சொம்பை நீட்டினாள். அத்தை வாங்கிக் குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

உலகத்தின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று அதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைப் பற்றி வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்த சில வருடங்களில் எல்லாம் வேகமாக மாறியது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. கேபிள்காரர் வயரைத் தெருவுக்குத் தெரு இழுத்தார். ஆன்டெனா துருப்பிடித்துக் காக்கைக்கு உட்காரும் இடமானது. நான் மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். விடுதி டிவியில் ஒரு மத்தியானம் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ முழுதாகப் பார்த்தேன். ஸ்ரீதர் 1962இல் கிட்டத்தட்ட முழுப் படத்தையும் ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே எடுத்திருந்தார். வின்சென்டின் கேமரா அந்தக் குறுகலான அறைகளுக்குள் தவழ்ந்து போகிறது. ஒருகாலத்தில் தான் விரும்பிய பெண்ணின் புருஷனுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டராகக் கல்யாண்குமார். நோயாளியாக முத்துராமன். நடுவில் தேவிகா. சிகிச்சை வெற்றி. அந்தச் செய்தியோடு டாக்டர் இறந்துபோகிறார்.

நான் திகைத்துப்போனேன். அத்தை சொன்ன கதையில் டாக்டர் சாகவில்லை. அவர் வெளியூர் போய் இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி கட்டி, ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக என் மனதில் அவர் அந்த ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்.

விடுமுறைக்கு வந்ததும் சண்டைக்குப் போனேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு அப்பத்தா எங்க இருந்துச்சு?” என்று திருப்பிக் கேட்டாள். யோசித்தேன். நினைவு வந்தது. நான் மில்லுக்காரர் வீட்டில் அந்தப் படம் பார்த்த வாரம் அப்பத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே இருந்தார்கள். வீட்டில் அத்தையும் நானும் தம்பியும்தான். “டாக்டரு செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரி நீ தூங்கியிருப்பியா?” என்றாள்.

அப்பத்தா அவளுக்குத் தாய். அவள் தூங்கினாளா என்று அன்றும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, சண்டை போட்ட நாளிலும் தோன்றவில்லை.

கல்யாணமாகி நான் கோயம்புத்தூருக்கு வந்த பிறகு கதை போனில் வந்தது. வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவதற்குள் தொடர்கள் முடிந்திருக்கும். ‘மெட்டி ஒலி’ 2002இல் தொடங்கியபோது அத்தைக்கு அறுபதுக்கு மேல். ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கதை. ஞாயிற்றுக்கிழமை நான் போன் போட்டால் அந்த வாரம் முழுவதையும் சொல்வாள். தொடர்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சியில் சேரமாட்டேன். புகுந்த வீட்டில் ஒரு பெண் படும் பாட்டை ஒரு கிராமத்துக் கிழவி நாற்பது வருடம் கழித்து வாய்விட்டுப் பேசுவதற்கு அந்தத் தொடர்தான் வழிவிட்டது. “அந்தப் புள்ள எந்திரிச்சு வந்திரணும் தாயி. அங்கேயே கெடக்கக் கூடாது” என்று ஒருநாள் போனில் சொன்னாள். தன் கதையைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் வேறொருத்தி கதையாகத்தான் சொன்னாள்.

2004இல் அத்தை போய்விட்டாள். ‘மெட்டி ஒலி’ முடிய அடுத்த வருடம் ஆனது. கடைசிப் பகுதி ஓடியபோது நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து பார்த்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை.

இன்று என் கைபேசியில் எல்லாப் படமும் இருக்கிறது. கறுப்பு வெள்ளையின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. செய்திக்காக யாரும் நிறுத்துவதில்லை, விளக்கு வைத்தால் எழுந்து போகச் சொல்ல ஆள் இல்லை. சிறுவயதில் விட்டுப்போன இரண்டாம் பாதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து வருகிறேன். நல்ல படங்கள். சில மிக நல்ல படங்கள். ஆனால் பார்த்து முடித்ததும் ஒரு வெறுமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு படம் முடியும்போதும் அத்தை சொன்ன ஒரு இரவு என் கையிலிருந்து போகிறது. அசல் வந்ததும் அவள் சொன்னது கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. அதனாலேயே சிலவற்றைப் பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன். ‘பாசமலர்’ அதில் முதலாவது.

1961இல் பீம்சிங் எடுத்த படம். முதல் பாதியை மில்லுக்காரர் வீட்டில் பார்த்தேன். அநாதைகளான அண்ணனும் தங்கையும் உழைத்து மேலே வருவது, தங்கை ஜெமினி கணேசனை விரும்புவது, கல்யாணம். அங்கே செய்தி வந்துவிட்டது. அத்தை சொன்ன மிச்சம் இது: உறவுகள் செய்த கோளாறில் அண்ணன் தங்கை பிரிந்துபோகிறார்கள். சிவாஜிக்குக் கண் போய்விடுகிறது. சாவித்திரி அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாள். “அங்க கண்ணுக்கு ஆபரேசன் பண்ணினாங்க. ஒரு மாசம் கட்டு. கட்டை அவுத்ததும் மொதல்ல தங்கச்சி மூஞ்சியத்தான் பாத்தான். அப்பறம் அவன் வீட்டுலயே ஒரு ஓரமா அவளும் இருந்துக்கிட்டா. அம்புட்டுத்தான்.” அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு ராத்திரி தனியாக அந்தப் படத்தைப் பார்த்தேன். அதில் மதுரை இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. கட்டு அவிழ்க்கவில்லை. பார்வை இழந்த அண்ணனும் தங்கையும் கடைசியில் ஒன்றாக இறந்துபோகிறார்கள்.

மறுநாள் காலை அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்தெட்டு. அத்தையைப் பற்றி அவராகப் பேசமாட்டார். “அத்தை பாசமலரோட முடிவை ஏம்ப்பா மாத்திச் சொல்லுச்சு?” என்று கேட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“அக்காவுக்கு அந்த முடிவு தெரியாதும்மா” என்றார். “அப்பத்தான் பொட்டியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்திருந்துச்சு. தனியா வெளிய விடமாட்டாங்க. நான் தொணைக்குப் போவேன். எனக்குப் பதினஞ்சு வயசு. கொட்டகையில அந்தப் படம் ஓடுன ஒரு வாரத்துல நாலு தடவை போனோம். நாலு தடவையும் கடைசி இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் எந்திரிச்சிரும். வாடா போகலாம்னு என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துரும். யாரோ வெளிய நின்னு, ரெண்டு பேரும் செத்துருவாகன்னு பேசிக்கிட்டிருந்ததக் கேட்டுருச்சு போல. இருட்டுக்குள்ள வரப்புல நடந்து வரையில மிச்சக் கதைய எனக்கும் சொல்லும். அந்த மதுரைப் பெரியாஸ்பத்திரிக் கதையத்தான்.”

அப்பா இன்றுவரை ‘பாசமலர்’ படத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்ததில்லை.